பள்ளிக்கூடத்துக்கு எத்தனை கூட்டாளிகள்?

வணிகவியல் படிக்கிற யாருக்கும் முதல் வருடத்திலேயே மனப்பாடம் ஆகிவிடும் சொல் ‘பங்குதாரர்’. கம்பெனியில் பணம் போட்டுப் பங்கு வாங்கியவர். லாபம் வந்தால் டிவிடெண்ட், நஷ்டம் வந்தால் தலையில் துண்டு!

கொஞ்ச நாளில் இன்னொரு சொல் வந்து சேரும். ஸ்டேக்ஹோல்டர். எட்வர்ட் ஃப்ரீமேன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1984-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு மேலாண்மைப் பாடங்களில் பெரிதாகப் புழங்க ஆரம்பித்த சொல் இது. பங்கு வாங்கியவர் மட்டும் முக்கியமில்லை. அந்த நிறுவனத்தால் யாருக்கெல்லாம் நல்லதோ கெட்டதோ நடக்குமோ, யாரால் அந்த நிறுவனத்துக்கு நல்லதோ கெட்டதோ நடக்குமோ, அவர்கள் எல்லோரும் முக்கியம் என்பதுதான் அதன் சாரம். தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்கு கொடுப்பவர், பக்கத்துத் தெருக்காரர் எல்லோரும் இதில் வந்துவிடுவார்கள்.

தமிழில் இதற்கு ஒரே சொல் நிலைக்கவில்லை. ‘பங்குதாரர்’ என்றே சிலர் எழுதுகிறார்கள். அது குழப்பம்தான். ‘பயனாளி’ என்றால் கையேந்தி வாங்கிக்கொண்டு போகிறவர் என்று ஆகிவிடுகிறது. ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை சரியாகப் பொருந்தும் சொல் ‘கூட்டாளி’. காரணம் இருக்கிறது. 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, எந்தக் கூட்டாளிக்கும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமை உண்டு. வேண்டுமென்றால் நகலும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டாளி என்று சொல்லிவிட்டுக் கணக்கைக் காட்டாமல் இருக்க முடியாது.

நம் பள்ளிக்கூடங்கள் ஊர்க்காரர்களை எப்படி நடத்துகின்றன என்று பார்க்க இந்த ஒரு விதி போதும்.

காமராஜர் காலத்து மாநாடுகள்

ஊரையும் பள்ளியையும் இணைப்பது புதுச் சிந்தனை ஒன்றும் இல்லை. காமராஜர் 1954-ல் முதலமைச்சர் ஆனார். அவர் ஆட்சியில் பொதுக் கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. ஊர் ஊராகப் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆனால் அந்தப் பள்ளிகளுக்குக் கட்டடம், பெஞ்சு, கரும்பலகை எல்லாம் வாங்கித் தர அரசிடம் பணம் இல்லை. அப்போது பிறந்ததுதான் ‘பள்ளிச் சீரமைப்பு மாநாடு’. 1958-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது.

மாநாடு என்றதும் பந்தல், மைக், மாலை என்று நினைத்துவிடக் கூடாது. அதெல்லாமும் இருந்தன. முக்கியமான வேலை அதற்கு முன்பே நடந்துவிடும். ஆசிரியர்களும் கல்வி அதிகாரிகளும் ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று பட்டியல் எடுப்பார்கள். இந்தப் பள்ளிக்கு ஒரு வகுப்பறை, அந்தப் பள்ளிக்குப் பெஞ்சு, இன்னொன்றுக்குக் கடிகாரம், தண்ணீர்ப் பானை, பிள்ளைகளுக்குச் சீருடை என்று இருக்கும். ஊர்க்காரர்கள் அதில் தங்களால் முடிந்ததை ஏற்றுக்கொள்வார்கள். பணக்காரர் நிலம் தருவார். பணம் இல்லாதவர் ஒரு சின்னப் பொருளையோ உடல் உழைப்பையோ தருவார். யார் எதை ஏற்றார் என்பது மேடையில் எல்லோர் முன்னாலும் அறிவிக்கப்படும். முதலமைச்சரே பல மாநாடுகளில் கலந்துகொண்டார்.

மதிய உணவுத் திட்டமும் இப்படித்தான் வளர்ந்தது. 1956-ல் எட்டயபுரத்தில் காமராஜர் அதைத் தொடங்கி வைத்தபோது ஊர் மக்களின் நன்கொடைதான் அதற்கு மூலதனம். பிறகு அரசு மானியம் வந்தது. அப்போதும் ஒரு பகுதியை உள்ளூர்தான் ஏற்க வேண்டியிருந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியபோதுதான் முழுப் பொறுப்பும் அரசின் கைக்கு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது மக்களின் தாராள மனசு மட்டும் இல்லை. அவர்களிடம் எப்படிக் கேட்டார்கள் என்பது. ‘பள்ளி வளர்ச்சிக்கு உதவுங்கள்’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்கவில்லை. ‘உங்க ஊர்ப் பள்ளிக்கு ஆறு பெஞ்சு வேணும்’ என்கிற மாதிரி கேட்டார்கள். கொடுத்த பெஞ்சில் சொந்த ஊர்ப் பிள்ளை உட்கார்ந்திருப்பதைக் கொடுத்தவர் தினமும் பார்த்தார். கணக்குப் புத்தகம் இல்லாமலே கணக்குத் தெரிந்தது!

சட்டம் வந்தது... கூட்டம் வந்ததா?

அரை நூற்றாண்டு கழித்து இதே எண்ணம் சட்டமாகவே வந்தது. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ‘பள்ளி மேலாண்மைக் குழு’ இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு உரிய இடம். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது, வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது எல்லாம் இதன் வேலை. ஆக, கணக்குப் பார்க்கும் உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

நடைமுறை வேறு. பல வருடங்களாக பல ஊர்களில் குழு என்பது ஒரு தீர்மான நோட்டுதான். தீர்மானம் முன்பே எழுதியிருக்கும். ‘ஏம்மா, இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க’ என்றால் வேலை முடிந்தது. பெண் உறுப்பினருக்குப் பதிலாக அவர் கணவர் வந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு.

தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களை மறுபடி அமைக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. அந்த ஆண்டு மார்ச் 20-ம் தேதி மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் கூட்டப்பட்டது. 20 பேர் கொண்ட குழு, பெற்றோர் ஒருவரே தலைவர் என்று அமைத்தார்கள். 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் குழு அமைத்துக் கூட்டம் போட்டால் பள்ளி தானாக முன்னேறிவிடுமா?

ஜான்பூர் சொன்ன பாடம்

இந்தக் கேள்விக்கு உத்தரப் பிரதேசத்தில் பதில் தேடியிருக்கிறார்கள். 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்ளோவும், ருக்மிணி பானர்ஜி உள்ளிட்ட வேறு சிலரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. 2005-06-ல் ஜான்பூர் மாவட்டத்தின் 280 கிராமங்களில், ‘பிரதம்’ என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தினார்கள்.

அங்கே அப்போது ஊர்க் கல்விக் குழு என்று ஒன்று இருந்தது. ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர், மூன்று பெற்றோர் அதன் உறுப்பினர்கள். ஊரில் பெரும்பாலான பெற்றோருக்கு அப்படி ஒரு குழு இருப்பதே தெரியவில்லை. அதைவிட வேடிக்கை, தான் குழுவில் இருப்பதே தெரியாத உறுப்பினர்களும் இருந்தார்கள்!

ஆய்வாளர்கள் மூன்று வழிகளை முயன்றார்கள்.

1. சில கிராமங்களில் கூட்டம் போட்டு, குழுவின் அதிகாரம் என்ன, உரிமை என்ன என்று விளக்கினார்கள்.
2. இன்னும் சில கிராமங்களில் அதோடு, ஊர்க்காரர்களே பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிச் சோதித்து, ஊருக்கு ஒரு மதிப்பெண் அட்டை தயாரிக்கக் கற்றுக் கொடுத்தார்கள்.
3. மற்ற கிராமங்களில் இவை இரண்டோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு எளிய பயிற்சி கொடுத்து, பள்ளி நேரம் போக வாசிப்பு வகுப்பு நடத்தச் சொன்னார்கள்.

முதல் இரண்டிலும் கூட்டத்துக்கு ஆள் வந்தது, பேச்சும் நடந்தது. ஆனால் குழுவும் மாறவில்லை, ஆசிரியர்களும் மாறவில்லை, பிள்ளைகளின் படிப்பும் மாறவில்லை. மூன்றாவதில் தன்னார்வலர்கள் நிறையப் பேர் முன்வந்தார்கள். அந்த வகுப்புக்குப் போன பிள்ளைகளின் வாசிப்புத் திறன் நன்றாகவே உயர்ந்தது.

ஊர்க்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று இதிலிருந்து சொல்ல முடியாது. அக்கறை இல்லாதவர் சம்பளம் இல்லாமல் வந்து பாடம் சொல்லித் தருவாரா? ‘பள்ளியைக் கண்காணியுங்கள்’ என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. வாத்தியாரைப் பகைத்துக்கொள்ளவும் யாரும் விரும்ப மாட்டார்கள். ‘சாயங்காலம் இந்தப் பத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுங்கள்’ என்றால் அதைச் செய்ய முடியும். பலன் கண்ணுக்கும் தெரியும். அந்தக் காலப் பெஞ்சுக் கதையும் இதுவும் சொல்வது ஒன்றையே.

நம்பிக்கை என்கிற முதலீடு

வேலை கொடுத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே 1988-ல் வந்த சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு உள்ளூர்ப் பள்ளிக் குழுவை அமைத்தது. ஆறு பெற்றோர், ஊர்க்காரர் இரண்டு பேர், ஆசிரியர் இரண்டு பேர், கூடவே தலைமையாசிரியர். நம் ஊர்க் குழுவுக்கு இல்லாத அதிகாரம் அதற்கு உண்டு. தலைமையாசிரியரை நான்கு வருட ஒப்பந்தத்தில் நியமிப்பதே அந்தக் குழுதான்!

எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே சட்டம், ஒரே அதிகாரம். ஆனால் சில பள்ளிகள் முன்னேறின, சில அப்படியே கிடந்தன. ஏன்? ஆன்டனி பிரைக், பார்பரா ஷ்னைடர் என்ற இரு ஆய்வாளர்கள் 400-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைப் பல வருடம் ஆராய்ந்து, 2002-ல் புத்தகமாக எழுதினார்கள். அவர்கள் கண்ட பெரிய காரணம் நம்பிக்கை. ஆசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை. அது வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று முன்னேறியது. மிகவும் குறைவாக இருந்த பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான்.

கணக்குப்பதிவியலில் ‘நற்பெயர்’ என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது. ஆனால் கடையை விற்கும்போது அதற்கும் விலை போடுவார்கள். பள்ளியின் நம்பிக்கையும் அப்படித்தான். ஐந்தொகையில் எழுத முடியாது. ஆனால் அது இல்லாத பள்ளியில் மாணவர் சேர்க்கை வருடா வருடம் குறையும். ஒரு கட்டத்தில் அந்தப் பள்ளி இருப்பதா, பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பதா என்ற கேள்வி வந்து நிற்கும். வேன் வைத்து அனுப்ப வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைதான் அதில் கடைசியாக மாட்டிக்கொள்ளும்.

யாரிடம் எதைக் கேட்பது?

நடைமுறைக்கு வரலாம். ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை வைத்துக்கொண்டு பார்த்தால் கூட்டாளிகள் யார் யார் என்று தெரியும்.

பெற்றோர்: பாதிப் பேருக்கு மேல் தினக்கூலி என்றால், வார நாளில் பிற்பகல் மூன்று மணிக் கூட்டத்துக்கு வருவது சும்மா இல்லை. அரை நாள் கூலி போகும். அப்படி வந்தவருக்கு ஒரு மணி நேரம் சுற்றறிக்கை வாசித்துக் காட்டினால் அடுத்த மாதம் வருவாரா? பல வீடுகளுக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வருவதே புகார் சொல்லத்தான். ‘உங்க பையன் சரியில்லைம்மா’ என்று கேட்டுக் கேட்டு, பள்ளி என்றாலே குனிந்து நிற்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். வருடத்தின் முதல் அழைப்பு ஒரு நல்ல செய்திக்காக இருந்தால் பாதி வேலை முடிந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தயங்கும் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்புவதைவிட, டீச்சர் குரலில் அரை நிமிடம் பேசி அனுப்புவது மேல்.

ஆசிரியர்கள்: இவர்களைக் கூட்டாளி என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் சம்பளம் வாங்குகிறார்களாம்! பாடம் நடத்துவது, எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவது, பயிற்சிக்குப் போவது, தேர்தல் வேலை பார்ப்பது என்று ஓடுகிறவருக்கு, பெற்றோர் குழு என்பது உளவு பார்க்க வந்த இன்னொரு அதிகாரி போலத் தெரியும். முதல் கூட்டத்திலேயே ஆசிரியர் வராத நாட்களைப் பற்றிப் பேச்சு தொடங்கினால் கதவு மூடிவிடும். கழிப்பறை, குடிநீர் மாதிரி இருவருக்கும் பொதுவான பிரச்சினையில் தொடங்கினால் ஒரே பக்கம் நிற்கப் பழகுவார்கள். கஷ்டமான கேள்விகள் வராமல் இருக்கக் கூடாது. ஆனால் பழகிய பிறகு வந்தால் சண்டை ஆகாமல் பேச்சாக இருக்கும்.

ஊராட்சி: மேலாண்மைப் பாடத்தில் அதிகாரம், அக்கறை என்று இரண்டு கோடு போட்டு நான்கு கட்டம் வரைவார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வராத பிரச்சினையை அதில் வைத்துப் பார்த்தால் புரியும். எட்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மாவுக்கு அக்கறை மிக அதிகம், அதிகாரம் இல்லை. ஊராட்சி நிர்வாகத்துக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் அவர்களுக்கு அது நூறு வேலைகளில் ஒன்று. இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில் பாலம் போடுவதுதான் ஒரு தலைமையாசிரியர் செய்யக்கூடிய மேலாண்மை. குழுவில் தீர்மானம் போட்டு, ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் அந்த அம்மாக்களே எழுந்து பேசினால், வாத்தியார் பத்து மனு எழுதுவதைவிட அதற்கு வலு அதிகம். பள்ளிக்காகக் கேட்கிறார் என்ற பெயரும் வாத்தியார் மேல் தனியாக விழாது.

முன்னாள் மாணவரும் கம்பெனிகளும்: 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடக்கம். தமிழ்நாட்டில் இப்படி வரும் உதவிகளை ஒழுங்குபடுத்த 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் தொடங்கப்பட்டது. நல்லது. ஆனால் கொடுப்பவருக்குப் பிடித்தது ஒன்று, பள்ளிக்கு வேண்டியது ஒன்று என்று ஆகிவிடக் கூடாது. டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதி எழுதி வெளிச்சமே வராமல் போன கதை கோயிலோடு நிற்கட்டும்! கம்ப்யூட்டர் தர ஆள் கிடைக்கும். கழிப்பறை கழுவுகிறவருக்கு மாதச் சம்பளம் தர ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் தேவைப் பட்டியல் பள்ளியின் கையில் முன்பே தயாராக இருக்க வேண்டும். சுந்தரவடிவேலு காலத்து வழி இன்றைக்கும் பொருந்துகிறது.

மாணவர்கள்: எல்லாப் பட்டியலிலும் விட்டுப்போகிறவர்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்த வகுப்பில் மழைக்கு ஒழுகும், யார் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

ஊர் சொல்வதெல்லாம் சரியா?

கூட்டாளிகளை அணைத்துப் போக வேண்டும் என்பதை எல்லோர் சொல்லுக்கும் தலையாட்ட வேண்டும் என்று புரிந்துகொண்டால் ஆபத்து. ஊர் என்பது ஒரே மனசு உள்ள ஒற்றை ஆள் இல்லை. அதற்குள் சாதி இருக்கிறது, பணம் இருக்கிறது, கட்சி இருக்கிறது.

2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரில் ஒரு தரப்பினர் எதிர்த்தார்கள். அவரை முதலில் இடமாற்றம் செய்தார்கள். கண்டனம் எழுந்த பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023-ல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தபோதும் இதே மாதிரி செய்தி வந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்றார்கள். நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் ஆட்சியரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 1956-ல் ஊரே சேர்ந்து பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கிய அதே எட்டயபுரத்துப் பக்கம்!

எதிர்த்தவர்களும் பெற்றோர்தான். பாடப் புத்தகப்படி அவர்களும் ஸ்டேக்ஹோல்டர்கள்தான். ஆனால் அந்தச் சமையல்காரப் பெண்ணும் அப்படித்தான். அவர் சமைத்ததைச் சாப்பிட வேண்டிய பிள்ளைகளும் அப்படித்தான். எண்ணிக்கை அதிகம் உள்ள பக்கம் சாய்ந்து ‘சுமுகமாக’ முடிப்பதற்குப் பெயர் உறவு மேலாண்மை இல்லை. எதைப் பேசித் தீர்க்கலாம், எது பேச்சுக்கே இடமில்லாதது என்று பள்ளி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூட்ட நேரம், சீருடையின் துணி, ஆண்டு விழாத் தேதி எல்லாம் பேசித் தீர்க்கலாம். யார் பக்கத்தில் யார் உட்காருவது, யார் கையால் சாப்பிடுவது என்பது அந்தப் பட்டியலில் வராது. இந்த இடத்தில் தலைமையாசிரியரைத் தனியாக விட்டுவிடாமல் மேலதிகாரிகள் பின்னால் நிற்க வேண்டும்.

முடிவாக

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். தேர் ஓட, எந்த வடத்தை யார் பிடிப்பது, முட்டுக்கட்டை போடுவது யார் என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பள்ளிக்கும் அதேதான். கேட்கும்போது குறிப்பாகக் கேட்க வேண்டும். கொடுத்தவருக்கு, அது பணமோ உழைப்போ ஒரு மணி நேரமோ, என்ன ஆயிற்று என்று திரும்பிச் சொல்ல வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. பள்ளி வாசலில் ஊரார் பார்வைக்கு ஒரு கரும்பலகை. போன மாதம் குழு என்ன முடிவு எடுத்தது, அதில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை, வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஐந்தாறு வரி. ‘தண்ணீர்த் தொட்டி: ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று, பதில் இல்லை’ என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை. பதில் இல்லை என்பதும் கணக்குதான். அதைப் படித்துவிட்டு ‘நானும் கூட வரேன் சார், போய்க் கேட்டுப் பார்ப்போம்’ என்று ஒருத்தர் வருவார். கல்வி உரிமைச் சட்டம் ஏட்டில் எழுதியிருக்கிற கூட்டாளி அவர்தான்.